எப்பம்மா

“கண்ணாலம் ஆவாத பொண்ணு, உனுக்கு இன்னாடி தெரியும் இதெல்லாம்?” என்று என் அக்காவின் கணவர் ஒருமுறை என்னைக் கேட்டார். முள்ளிப்பட்டில், தன் வீட்டுத் தறிக்குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்தபடி, தறியில் நூல் நாடாவை ஓட்டுவதை நிறுத்தாமலே கேட்டார். அப்போது எனக்குப் பதினாறு வயது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அந்தத் திமிர் என்னிடம் நிறையவே இருந்தது. “எனுக்கு நாள் எண்ணத் தெரியும் மாமா. உங்களுக்கு அதுகூடத் தெரியல” என்றேன்.

நாடா நின்றது.

அந்த வாய் என்னுடையது. நாள் எண்ணும் வழக்கம் மட்டும் வேறொருவரிடமிருந்து தொற்றியது. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் தெருவிலும் யாரும் அதைச் சொன்னதில்லை. நேரில் நர்ஸம்மா என்பார்கள். அவர் முதுகு திரும்பியதும் ஆரணியின் நெசவுத் தெருக்கள் எல்லாவற்றிலும் அவருக்கு ஒரே பெயர்தான்: எப்பம்மா.

அவர் அரசு நர்ஸ். தெற்கே நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நாங்கள் ‘எப்போ’ என்று கேட்பதை அவர் ‘எப்பம்’ என்று கேட்பார். காய்ச்சல் என்றால் எப்பம். குழந்தைக்கு ஊசி போட்டது எப்பம். தீட்டு முடிந்து கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்பம். எவ்வளவு நீளமான கதையைச் சொல்லத் தொடங்கினாலும் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு அதை மட்டும் கேட்பார். யாரால், எதனால், ஏன் என்ற கேள்விகள் அவருடைய வாயில் கிடையாது. பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி தோய்க்கிற ஆண்கள் அவர் வருவதைப் பார்த்தால் ஒருவருக்கொருவர் “எப்பம்? எப்பம்?” என்று தவளை மாதிரி குரல் கொடுப்பார்கள். அவர் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, “மணி எட்டே கால்” என்று பதில் சொல்லிவிட்டுப் போவார்.

கடிகாரம் ஆண்கள் கட்டுவது. முகப்பை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். உயரமான, கறுத்த, தோள் அகன்ற பெண். யார் வீட்டிலும் காபி குடிக்க மாட்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகச் சுவரில் தினசரிக் காலண்டரைத் தேடுவார். நகைக்கடையில் கொடுத்தது, ஜவுளிக்கடையில் கொடுத்தது என்று எல்லா வீட்டிலும் ஒன்று தொங்கும். யாரும் ஒழுங்காகக் கிழிப்பதில்லை. நான்கு நாள், ஐந்து நாள் பின்தங்கி நிற்கும். அவர் பேசாமல் போய் அன்றைய தேதி வரும்வரை தாள்களைக் கிழித்துவிட்டுத்தான் உட்காருவார். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் கோபப்பட்டார். “எங்க வூட்டு நாளை நீ யாரும்மா கிழிக்க?”

“நீங்க இன்னும் வெள்ளிக்கிழமையில இருக்கிய. ஊரு செவ்வாய்க்கிழமைக்கு வந்தாச்சு” என்றார் எப்பம்மா.

அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, பிள்ளைகள் உண்டா என்று பெண்கள் துருவிப் பார்த்தார்கள். “எப்பமோ” என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார். கல்யாணம் எப்போதோ நடந்ததா, எப்போதோ முடிந்ததா, இனி எப்போதோ நடக்குமா என்று அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு தார்க்குச்சியில் நூல் சுற்றும் பெண்கள் ஒரு மழைக்காலம் முழுவதும் வாதாடினார்கள்.

அவர் வந்த நேரம் நல்ல நேரமல்ல. எமர்ஜென்சி முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தாலும், நர்ஸ் என்றால் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வருகிறவள் என்ற பயம் போகவில்லை. எங்கள் ஆண்களுக்கு அதில் சொந்தமாக ஒரு பயம் வேறு. ஆபரேஷன் செய்துகொண்டால் தறி மிதிக்கக் காலில் பலம் இருக்காது என்று யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். கால் போனால் பட்டுச் சேலை இல்லை, சேலை இல்லாவிட்டால் சோறு இல்லை. மாமாவும் அதைத்தான் சொல்வார். அவர் கெட்டவர் இல்லை. அக்காளை ஒரு அடி அடித்ததில்லை. ஆனால் கால் விஷயத்தில் மட்டும் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்துக்கு விலை கொடுக்க வேண்டியவள் அக்கா. இரண்டாவது குழந்தை பிறந்தபோது அவளுக்கு நிற்காமல் இரத்தம் போனது. மூன்று பேர் இரத்தம் கொடுத்துத்தான் பிழைத்தாள். இன்னும் சில வருடங்களுக்குள் வயிற்றில் ஒன்று தங்கினால் அது தாயைக் கேட்கும் என்று டாக்டர் மாமாவை உட்கார வைத்துச் சொன்னார். அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தினமும் போடும் கருத்தடை மாத்திரை அவளுக்குத் தலைவலியைக் கொடுத்தது. கருப்பைக்குள் லூப் வைக்கலாம் என்றால் உடம்பில் இரத்தம் குறைவு, கொஞ்சம் தேறட்டும் என்றார்கள். மிச்சம் இருந்தது மாமா போட வேண்டிய உறை ஒன்றுதான். அக்காவின் உயிர் அந்த ரப்பரில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது மிகையான பேச்சு இல்லை.

எப்பம்மாவிடம் இன்னொன்று இருந்தது. அரசு மருத்துவமனையின் பெண் டாக்டர் வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகையில் படித்துவிட்டு அவருக்குச் சொன்னது. தினசரி மாத்திரையையே வேறு கணக்கில், சம்பவம் நடந்து மூன்று நாட்களுக்குள் கொடுத்தால் பெரும்பாலும் கரு தங்குவதைத் தடுக்கலாம். உறை கிழிந்துவிட்டது, மாத்திரை மறந்துவிட்டது, கட்டாயத்துக்கு ஆளானாள் என்றால் அப்போது உதவும். ஒரு வெள்ளிக்கிழமை துணைச் சுகாதார நிலையத்துக்குப் பால்பவுடர் வாங்க வந்த பெண்களிடம் எப்பம்மா அதைச் சொன்னார். குரலைத் தாழ்த்திப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. தெருமுனை வரை கேட்டது. “ஏதாச்சும் தவறிப் போச்சுன்னா பயப்படாதீங்க. என்கிட்ட வாங்க. மூணு நாளைக்கு மேல தள்ளிப் போகக் கூடாது, கேட்டியளா. மூணு நாளுக்குள்ள வந்திரணும்.”

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார்கள். அக்காவும் ஆட்டினாள். நானும் அங்கேதான் இருந்தேன். எனக்கும் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு காலையில் அக்கா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு எப்பம்மாவைப் பார்க்க வந்தாள். முள்ளிப்பட்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள். முகத்தில் பயம் இல்லை. சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடித்த பெண்ணின் தெளிவுதான் இருந்தது.

“உறை கிழிஞ்சிட்சிம்மா. நீங்க சொன்ன மாத்திரை குடுங்க” என்றாள்.

“எப்பம்?”

“இன்னிக்கித்தான் மூணாம் நாளு. தாண்டல.”

எப்பம்மா அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துவிட்டார். அப்புறம் என்னவோ தோன்றித் திரும்பினார். “எதுல இருந்து மூணாம் நாளு?”

“தள்ளிப் போயி மூணாம் நாளு” என்றாள் அக்கா.

எப்பம்மா அட்டையை அலமாரிக்குள் வைத்து மூடினார். பிறகு கேள்விக்கு மேல் கேள்வியாகக் கேட்டார், எல்லாம் தேதிகள்தான். உறை கிழிந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினெட்டு நாளும் அக்கா எண்ணிக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். தீட்டு வரவேண்டிய நாளுக்காகக் காத்திருந்து, அது வராமல் ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் தள்ளிப்போவதற்காகக் காத்திருந்து, மூன்றாம் நாள் விடிந்ததும் நடந்து வந்திருக்கிறாள். ‘மூணு நாளைக்கு மேல தள்ளிப் போகக் கூடாது’ என்று நர்ஸம்மா சொன்னதை எழுத்துக்கு எழுத்து மதித்திருக்கிறாள்.

அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்த அத்தனை பெண்களும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. “நாளு தள்ளிப் போறதுன்னா எங்க ஊர்ல அதாம்மா அர்த்தம்” என்றேன். “நீங்க அந்த வார்த்தைய சொல்லியிருக்கக் கூடாது.”

எங்கள் ஊர்ப் பேச்சு உங்களுக்குத் தெரியாதே என்று அவருக்கு ஒரு சாக்கு நான் வைத்துக்கொடுத்தேன். அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

“எங்க ஊர்லயும் அதுதான் அர்த்தம், பிள்ளே” என்றார். “நான்தான் யோசிக்கல்ல.”

அக்கா விடவில்லை. ரெண்டு மாத்திரை வேலை செய்யாவிட்டால் நாலு கொடுங்கள், எட்டு கொடுங்கள் என்று அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு யாராக இருந்தாலும் அவள் மனத்திருப்திக்காக எதையாவது கொடுத்து அனுப்பியிருப்பார்கள். எப்பம்மா கொடுக்கவில்லை. இது கரு தங்குவதற்கு முன்னால் தடுக்கிற மாத்திரை, தங்கிய பிறகு இதற்கு வேலை இல்லை, கலைக்கவும் கலைக்காது என்று சுருக்கமாகச் சொன்னார். அக்காவுக்கு அது புரிந்தது எனக்குத்தான் அதிசயம். “பாவு பிணைக்கிறதுக்கு முன்னாடின்னா நூலைத் திருப்பிக்கலாம். நெசவு ஏறிட்ச்சின்னா முடியாது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பத்து நாளில் சோதனை செய்து உறுதிப்படுத்தினார்கள். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் சட்டப்படி மருத்துவமனையிலேயே கலைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. மருத்துவச்சிகளையும் எருக்கங்குச்சியையும்தான் தெரியும். எப்பம்மா அக்காளையும் என்னையும் வெளியூர் மருத்துவமனை ஒன்றுக்குப் பேருந்தில் கூட்டிப்போனார். மாமா தனியாக இன்னொரு பேருந்தில் வந்து வாசல் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே வரவில்லை. காகிதம் எழுதுகிற ஆள் புருஷன் கையெழுத்து வேண்டும் என்றார். “பதினெட்டு முடிஞ்சவளுக்கு அவ சம்மதம் போதும். சட்டத்த எடுத்துப் படியும். படிச்சிட்டுப் பேசும்” என்று எப்பம்மா மேசையருகே நின்றார். வரிசை நீண்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கடைசியில் அக்காவின் கைநாட்டை வாங்கிக்கொண்டார்கள்.

அன்று முழுவதும் அக்கா அழுதாள். அவர் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. கையைப் பிடிக்கவில்லை. இரத்தப்போக்கு எவ்வளவு நேரம், துணி எத்தனை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில் கொஞ்சம் இன்றைக்கும் மிச்சம் இருக்கிறது. மனிதர்களிடம் தேதியை மட்டும் கேட்கிறவருக்கு மனிதர்கள் எதற்கு என்று நினைத்தேன்.

ஆனால் மறுவாரமே அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா எங்கள் வீட்டில்தான் உடம்பு தேற்றிக்கொண்டிருந்தாள். வந்ததும் காலண்டரைக்கூடப் பார்க்கவில்லை. அக்காவின் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “எனக்கு வேற வார்த்தை வேணும்” என்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். எழுபத்திரண்டு மணி நேரம் என்று சொல்லிப் பார்த்தோம். எங்கள் பெண்களில் யாரிடமும் கடிகாரம் இல்லை. மூன்று பொழுது என்றால் மூன்று வேளைச் சோறு என்று எடுத்துக்கொள்வார்கள். மூன்று ராத்திரி என்றதும் பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கத் தொடங்கி, “ஏம்மா, மூணு ராத்திரியும் அதேதானா? அப்புறம் தறி யாரு மிதிக்கிறது?” என்று எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டாள். எப்பம்மா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

படுத்தபடியே அக்கா சொன்னாள். “மூணு வெளக்கு.”

எங்கள் வீடுகளில் மின்விளக்கு இருந்தாலும் பொழுது சாயும்போது தறிக்கு முன்னால் ஒரு எண்ணெய் விளக்கு வைப்போம். காய்ச்சலில் கிடந்தாலும், தறியில் வேலை இல்லாவிட்டாலும் அதை வைக்காமல் விடுவதில்லை. எந்தப் பெண்ணுக்கும் நேற்று விளக்கு வைத்தோமா என்பதில் சந்தேகம் வராது. இரவில் தவறிவிட்டால் மறுநாள் மாலை ஒரு விளக்கு, அதற்கு மறுநாள் ஒன்று, அதற்கும் மறுநாள் ஒன்று. மூன்றாவது விளக்கை ஏற்றுவதற்குள் வந்துவிட வேண்டும். எப்பம்மா விரல் விட்டு மணிக்கணக்கைச் சரிபார்த்தார். மூன்று நாள் முடிய இன்னும் சில மணி நேரம் மிச்சமே இருந்தது. “முத வெளக்குக்கு முந்தியே வந்தா இன்னும் நல்லது” என்றார். முந்திக் கொடுத்தால் மருந்து நன்றாகக் கேட்கும்.

இரண்டாம் வேளையையும் அக்காவே சொல்லிவிட்டாள். முதல் வேளை கொடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி அதே அளவு போட வேண்டும். “தறியில எறங்கறப்ப ஒரு தபா, எழுந்துக்கறப்ப ஒரு தபா.” காலை ஆறு, மாலை ஆறு. எத்தனை மாத்திரை என்பதை மட்டும் எப்பம்மா எங்களிடம் விடவில்லை. மாத்திரைக்கு மாத்திரை மருந்தின் அளவு மாறும், அட்டையைப் பார்த்து நான்தான் எண்ணித் தருவேன், ஒருத்தி அட்டையை இன்னொருத்தி வாங்கிப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் முள்ளிப்பட்டுக்குப் போய் மாமாவிடம் இதையெல்லாம் சொன்னபோதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நாள் எண்ணத் தெரியும் என்று நான் பதில் சொல்லி நாடா நின்றது. அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, “மூணாவது வெளக்கு ஏத்தறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டார்.

அந்தச் சொல் பரவிய வேகம் எப்பம்மாவையே திகைக்க வைத்தது. கூச்சமில்லாமல் எங்கும் சொல்லலாம். மாமியார் முன்னால், குழாயடியில், பாவு பிணைக்கும்போது, “ஒரு வெளக்குதான் ஆவுது, போய்ட்டு வரேன்” என்றால் தெரிந்தவளுக்குத் தெரியும். ஒருத்தி ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக வந்து நின்றபோது எப்பம்மா மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் திட்டினார். “இது குடை இல்ல, கேட்டியா. திடீர்னு மழை வந்தா தலையில போடுத முந்தானை. முந்தானையப் போட்டுக்கிட்டு ஐப்பசி முழுக்க நடப்பியா? குடை வாங்கு.” தினசரி வழி எதுவும் இதைவிட மேல், இது சில நேரம் கைவிடும், இன்று போட்டது நாளைய தவறுக்குக் காவல் நிற்காது என்று ஒவ்வொருத்திக்கும் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவார்.

ஒருமுறை நூல் முறுக்கும் பட்டறையில் வேலை செய்யும் ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கணவன் இறந்து இரண்டு வருடம். நான் அப்போது எப்பம்மாவுக்குத் தடுப்பூசிச் சீட்டு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவரும் வழக்கம்போல் ஒற்றைக் கேள்வி கேட்டு, மாத்திரை கொடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போடு, குமட்டும், இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் திரும்பி வா, அடுத்த தீட்டு ஒரு வாரத்துக்கு மேல் தாமதித்தால் கட்டாயம் வா என்று அனுப்பிவிட்டார். அவள் படியிறங்கியதும் எனக்கு ஆவல் தாங்கவில்லை. “யாருங்கம்மா?” என்றேன்.

“யாரு யாரு?”

“அந்த ஆளு.”

அவர் பேனாவை மூடினார். “மாத்திரைக்கு எப்பம்னு மட்டும் தெரிஞ்சா போதும். யாருன்னு அது கேக்காது. நீ என்ன, மாத்திரைய விடப் பெரிய டாக்டரா?” என்றார். அன்று சீட்டு எழுதும் வேலையும் போய்விட்டது. இரண்டு வாரம் என்னைக் கூப்பிடவில்லை. நான்கு எழுத்துப் படித்தவள் என்று நிமிர்ந்து நடந்த எனக்கு அந்த அடி வேண்டியிருந்தது என்று எழுதினால் பணிவாக இருக்கும். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு யாரையும் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அடுத்த வருடம் தை மாதத்தில் ஒரு விடியலில் மாமாவே அக்காளைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து எப்பம்மாவின் குடியிருப்புக்கு மிதித்துக்கொண்டு வந்தார். உள்ளே வரக் கூச்சம். வாசலில் நின்று சுவரைப் பார்த்தபடி, எப்பம்மா வாயைத் திறப்பதற்குள், “நேத்து ராத்திரிதாம்மா. இன்னும் ஒரு வெளக்குகூட ஆவல” என்று கத்திவிட்டார். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. அக்கா தலையில் அடித்துக்கொண்டாளாம். அன்று முதல் வேளை போட்ட ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்து, திரும்பப் போட்டாள். மாலையில் இரண்டாம் வேளை நின்றது. தீட்டு நான்கு நாள் பிந்தியது. அந்த நான்கு நாளும் மாமா சேலையில் இரண்டு இடத்தில் கட்டம் தப்பி நெய்தார். ஐந்தாம் நாள் காலை அக்கா துணி கேட்டபோது அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, காரணம் சொல்லாமல் எல்லோருக்கும் வெல்லம் கொடுத்தார்.

இவ்வளவு செய்த மாமாதான் மனுவிலும் கைநாட்டு வைத்தார்.

மனு எப்பம்மாவுக்கு எதிரானது. பெண்களைக் கெடுக்கிறாள், கணவன் இல்லாதவளுக்கும் மாத்திரை கொடுக்கிறாள், ஆண்களை மதிப்பதில்லை, வீட்டுக் காலண்டரைக் கிழிக்கிறாள் என்று பட்டியல் போட்டு, பாவு கொடுத்து வேலை வாங்கும் முதலாளிகள் சிலர் எழுதவைத்தார்கள். நெசவாளர்களை வரிசையாகக் கூப்பிட்டு விரலில் மை தடவினார்கள். இருபது கைநாட்டுக்கு மேல் சேர்ந்தது. “பாவு குடுக்கறவர் கேட்டா நான் இன்னா பண்ணட்டும்?” என்று மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா அவரோடு சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் குளித்து, குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டு, தனியாக அரசு மருத்துவமனைக்குப் போனாள். உடம்பில் இரத்தம் ஏறிவிட்டதா என்று பார்க்கச் சொன்னாள். ஏறியிருந்தது. காப்பர் டி வைத்துக்கொண்டு, மதியச் சோற்றுக்கு வீடு திரும்பினாள். மாமாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். “உன் கட்ட விரலை நீ அங்க வெச்ச. என் கட்ட விரலை நான் இங்க வெச்சிட்டு வந்துட்டேன். இனிமே வெளக்கு எண்ற பேஜாரு உனுக்கும் இல்ல, எனுக்கும் இல்ல.”

எப்பம்மாவைத் தெள்ளார் பக்கம் மாற்றிவிட்டார்கள். பேருந்து நிலையத்துக்கு அக்கா எட்டுப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்தாள். எல்லோரும் பட்டப்பகலில், முதலாளி வீட்டு வாசல் வழியாக, முக்காடு இல்லாமல் நடந்தார்கள். பூ வாங்கி வந்திருந்தார்கள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. வாடும் பொருள் எனக்கு எதற்கு என்றார். அழுத பெண்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னைப் பார்த்து, “ரிசல்ட் எப்பம்?” என்றார். பன்னிரண்டாவது தேர்வைக் கேட்கிறார். நான் சொன்ன தேதியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஏறினார். கடிதம் எதுவும் வரவில்லை. வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

அவருடைய இடத்துக்கு ஒழுங்காக ஒருவர் வரவில்லை. வந்தவர்களும் நிலைக்கவில்லை. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருக்கிறேன். இந்தச் சில வருடங்களில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்களுக்கு விளக்குக் கணக்கு அரைகுறையாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து கோயிலில் விளக்கு ஏற்றினால் கரு தங்காது என்று நம்பி ஏற்றியிருக்கிறாள் ஒருத்தி. அவளுக்கு இப்போது ஆறாம் மாதம். வேண்டாத மாதம். அவள் அதை என்னிடம் சொன்ன அன்று இரவு, யாருக்கும் தப்பாகப் புரியாத மாதிரி சில வாசகங்களை எழுதிவைத்தேன்.

போன வாரம் அரசு பெயிண்டர்கள் வந்து தெருவின் எல்லாச் சுவர்களிலும் சிவப்பு முக்கோணம் போட்டு, அளவான குடும்பம் ஆனந்தம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டுச் சுவரிலும் எழுதினார்கள். என்ன செய்ய வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் டாக்டரிடம் போய் என் வாசகங்களைக் காட்டினேன். அவர் ஒரு சொல்லைத் திருத்திக்கொடுத்தார். சாயப்பட்டறையில் அரக்குச் சாயம் வாங்கிப் பசையில் குழைத்து, முக்கோணத்துக்குக் கீழே நானே எழுதினேன்.

‘உறை கிழிந்ததா? மாத்திரை மறந்ததா? வேறு ஏதாவது நடந்ததா? மூன்றாவது விளக்கு ஏற்றுவதற்குள் அரசு மருத்துவமனைக்குப் போ. முந்திப் போனால் நல்லது. நாள் தள்ளிப்போன பிறகு இந்த மாத்திரை உதவாது. அப்போதும் மருத்துவமனைக்கே போ. வழி இருக்கிறது. துணை வேண்டுமானால் இந்தக் கதவைத் தட்டு.’

படிக்கத் தெரியாதவளுக்கு இது எப்படி எட்டும் என்று அக்கா கேட்டுவிட்டு, அவளே மூன்று விளக்குகளை வரைந்தாள். மூன்றாவதின் மேல் கோலமாவு இழைக்கிற கையால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். அப்பா தெருவில் தலைகாட்ட முடியாது என்று உள்ளே உட்கார்ந்திருக்கிறார். சுண்ணாம்பு அடிக்கப் போகிறோம் என்று முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அடிக்கட்டும். பட்டுக்கே ஏறுகிற சாயம், சுண்ணாம்பில் தெரியாமல் போகாது.

இதுவரை இரண்டு பேர் கதவைத் தட்டியிருக்கிறார்கள். முதலாவது ஆள் கல் எறிந்துவிட்டு ஓடியவன். இரண்டாவதாக இன்று விடிகாலையில் வந்த பெண்ணை ஏழு மணிப் பேருந்தில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிவந்தேன். டாக்டர் அறைக்குள் அவள் போயிருக்கிறாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.